கம்பெனி ஜயித்தால் ஊருக்கு என்ன?

பங்குனி மாதம் பாதி கழிந்ததும் ஜப்பான் தேசத்தில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடைபெறுகின்றன. ஒன்று, ஸாகுரா மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. மற்றொன்று, பேஸ்பால் பந்தயங்கள் ஆரம்பமாகின்றன. ஸாகுராப் பூ பத்து நாளில் உதிர்ந்துவிடும். பேஸ்பால் மோகமோ ஐப்பசி வரையில் உதிர்வதில்லை.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் பூகோள பாடம் நடத்தும்போது ஜப்பானியத் தீவுகளைப் படத்தில் காட்டிக்கொண்டிருந்தோம். போகிற போக்கில் இந்தச் சமாசாரத்தையும் சொல்லி வைத்தோம். அங்கே பன்னிரண்டு கோஷ்டிகள் உண்டென்றும், ஒவ்வொரு கோஷ்டியின் பெயரிலும் ஒரு முதலாளி ஸ்தாபனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் நாம் சொன்னதுதான் தாமதம், கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அப்படியானால் ஊர்கள் ஆடவில்லையே, ஸார்! கம்பெனிகள்தானே ஆடுகின்றன? கம்பெனி ஜயித்தால் ஊருக்கு என்ன, ஸார்?" என்றான்.

நல்ல வேளையாக மணி அடித்தது. நாம் மானத்தோடு வெளியேறினோம். ஆயினும், மணி அடித்துவிட்டதனால் கேள்வி மடிந்துவிடுகிறதா? வீட்டுக்கு வந்த பிறகும் அது நம்மை விடவில்லை. ஆகவே, புதிய பருவம் தொடங்குமுன் அந்தப் பன்னிரண்டு கோஷ்டிகளையும் நேயர்களுடன் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்கும் விடை சொல்ல முயல்வோம்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குப் பங்காளி. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தைத் தரையில் படாமல் எறிய, எதிர்க் கட்சிக்காரர் உருண்டையான தடியால் அதை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு முனைகளையும் சுற்றி ஓடிவர வேண்டும். சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். பந்து மைதானத்தின் வேலியைத் தாண்டி விழுந்தால் அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். அடித்தவர் ஆற அமரச் சுற்றி வரலாம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்பது முறை. இவ்வளவு தெரிந்தால் நம் சுற்றுப் பயணத்துக்குப் போதும்.

இந்த விளையாட்டை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதை எழுதும்போது நமக்குச் சற்றுக் கர்வமாகவே இருக்கிறது. ஹொரேஸ் வில்ஸன் என்ற அமெரிக்கர் 1872-ம் வருஷத்தில் டோக்கியோவில் தம் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவர் வகுப்பறையில் நடத்திய பாடங்களை இன்று யார் நினைக்கிறார்கள்? மைதானத்தில் நடத்திய பாடந்தான் நின்றது. உபாத்தியாயர்களின் கதி எத்தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களின் லீக் பந்தயங்கள் 1936-ல் தோன்றின. 1950 முதல் ஸென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என்று இரண்டு பிரிவுகள் ஏற்பட்டன. இன்று பிரிவுக்கு ஆறு கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியும் பருவத்தில் 143 ஆட்டங்கள் ஆடும். பிறகு, ஒவ்வொரு லீக்கிலும் முதல் மூன்று ஸ்தானங்களைப் பெற்றவை தமக்குள் மறுபடியும் மோதும். அவற்றில் எஞ்சுகிற இரு கோஷ்டிகள் ‘ஜப்பான் ஸீரிஸ்’ என்னும் இறுதிப் பந்தயத்தில் சந்திக்கும். அதில் முதலில் நான்கு ஆட்டங்களை ஜயிப்பதே அவ்வருஷத்தின் வெற்றிக் கோஷ்டி.

கோஷ்டிகளின் பெயர்களைக் கேட்டால் மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்துவிட்டோமோ என்று தோன்றும். புலி, சிங்கம், எருமை, கழுகு, வல்லூறு, கெண்டை மீன் எல்லாம் உண்டு. ஆனால் பிராணியின் பெயருக்கு முன்னால் நிற்கும் பெயர்களை வரிசையாகப் படிப்பவருக்கு ஜப்பானியத் தொழில்களின் சரித்திரமே புலப்படும். முதலில் கோஷ்டிகளை வைத்திருந்தவை பத்திரிகைகளும் மின்சார ரயில்வேக்களும். விடுமுறை நாளில் ரயிலில் கூட்டம் சேர வேண்டுமானால், ரயில் பாதையோரம் ஒரு மைதானத்தைக் கட்டிவிட்டால் போதுமன்றோ? யுத்தத்துக்குப் பிறகு சினிமாக் கம்பெனிகளும் மீன்பிடிக் கம்பெனியும் வந்தன. அப்பால் மிட்டாய்க் கம்பெனி, இறைச்சிக் கம்பெனி, புளித்த பால் பானக் கம்பெனி. இப்போது டெலிபோன் கம்பெனியும் இன்டர்நெட் கம்பெனிகளும் வந்திருக்கின்றன.

இனி, ஸென்ட்ரல் லீக்குக்குள் நுழைவோம்.

முதல் மரியாதை டோக்கியோவின் யோமியூரி ஜயண்ட்ஸுக்கு. 1934-ல் ஒரு பெரிய தினசரிப் பத்திரிகை ஸ்தாபித்த கோஷ்டி இது. 1965 முதல் 1973 வரையில் ஒன்பது வருஷங்கள் இடைவிடாமல் ஜப்பான் ஸீரிஸை ஜயித்தது. அந்த நாளில் அடித்து ஆடிய ஸடஹாரு ஓ தம் ஆயுளில் 868 ஹோம் ரன்கள் எடுத்தார். அவருக்குத் துணை நின்ற ஷிகேயோ நகஷிமாவை ஜப்பானிய ஜனங்கள் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். 2025-ல் அவர் காலமானபோது தேசமே துக்கித்தது. பேஸ்பால் ரஸிகர்களில் ஜயண்ட்ஸ் ஜயிக்க வேண்டுமென்று பிரார்த்திப்பவர் ஒரு சாரார். யார் ஜயித்தாலும் சரி, ஜயண்ட்ஸ் தோற்க வேண்டுமென்று பிரார்த்திப்பவர் மற்றொரு சாரார். பெரிய மனிதராயிருப்பதில் உள்ள கஷ்டம் இது.

நகோயா நகரத்தின் சுனிச்சி டிராகன்ஸும் பத்திரிகைக் கோஷ்டிதான். 1954-ல் ஒரு முறை ஜப்பான் ஸீரிஸை ஜயித்துவிட்டு, அடுத்த வெற்றிக்காக 2007 வரையில் காத்திருந்தது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷங்களிலும் கடைசி ஸ்தானம். இத்தனைக்கும் நகோயாவாசிகள் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. பொறுமைக்குப் பரிசு உண்டானால் அது அவர்களுக்கே உரியது.

யோக்கோஹாமா பேஸ்டார்ஸின் வமிசாவளி வேடிக்கையானது. ஆதியில் அது திமிங்கில வேட்டையாடிய ஒரு மீன்பிடிக் கம்பெனியின் கோஷ்டி. பெயரும் ‘திமிங்கிலங்கள்’ தான். 2012 முதல் கைப்பேசி விளையாட்டுக்களைத் தயாரிக்கும் டீ.என்.ஏ. கம்பெனியின் பெயரைத் தாங்கி ஆடுகிறது. 2024-ல் லீக்கில் மூன்றாவதாக வந்த இந்தக் கோஷ்டி, ஜப்பான் ஸீரிஸில் சாப்ட்பாங்க் ஹாக்ஸை நான்குக்கு இரண்டாக வென்று 26 வருஷத்துக்குப் பிறகு பட்டம் பெற்றது. பரீட்சையில் மூன்றாவதாக வந்த பையன் பள்ளிக்கூடத்தின் தங்கப் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போனது போலத்தான்!

யாகுல்ட் ஸ்வாலோஸ் புளித்த பால் பானம் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தது. டோக்கியோவில் 1926-ல் கட்டிய ஜிங்கூ மைதானத்தில் ஆடுகிறது. இந்தக் கோஷ்டி ஓட்டம் எடுத்தால், மழையில்லாத இரவிலும் ஆயிரக்கணக்கான சிறு குடைகள் விரிந்து பாட்டுக்கு ஏற்ப ஆடும். குழந்தைகளுக்குப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாயிருக்கும்! இதன் முனேடக்கா முராகாமி 2022-ல் ஒரே பருவத்தில் 56 ஹோம் ரன்கள் அடித்து, ஓ அவர்களின் 55-ஐத் தாண்டினார். ஆனால் கோஷ்டியின் அதிர்ஷ்டமோ ஏற்றமரம் போன்றது. 2013, 2014 இரண்டிலும் கடைசி. 2015-ல் லீக்கில் முதல். 2019, 2020 இரண்டிலும் கடைசி. 2021-ல் ஜப்பானுக்கே முதல். ஒரு பருவத்தின் கடைசி ஸ்தானத்தைப் பார்த்து அடுத்த பருவத்துக்கு ஜோசியம் சொல்பவர்கள் இதைச் சற்றுக் கவனிப்பது நலம்.

அடுத்தது ஹன்ஷின் டைகர்ஸ், ரயில்வே கம்பெனியின் புலிகள். ஒஸாக்காவுக்கும் கோபேக்கும் இடையில் 1924-ல் எழுந்த கோஷியென் மைதானம் இவர்கள் வீடு. 1985-ல் ஜயித்த உற்சாகத்தில் ரஸிகர்கள், ஒரு கோழிக்கறிக் கடை வாசலில் நின்ற கர்னலின் பொம்மையைத் தூக்கி ஒஸாக்காக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். தாடி வைத்த அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவரின் ஜாடை அதில் தெரிந்ததாம்! அந்த வருஷத்துக்குப் பிறகு ஜப்பான் ஸீரிஸில் வெற்றி இல்லை. கர்னலின் சாபம் என்றார்கள். 2009-ல் பொம்மையை வெளியே எடுத்தார்கள். அப்படியும் கோபம் தணிய 2023 ஆயிற்று. 2025-லும் இவர்களே ஸென்ட்ரல் லீக்கின் முதல்வர்கள்.

புலிகளைப் பற்றி உபாத்தியாயர் என்ற முறையில் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் கோஷியென் மைதானத்தில் உயர்தரப் பள்ளிக்கூடங்களின் தேசியப் பந்தயம் நடைபெறும். அப்போது கோடிக்கணக்கில் பணம் புரளும் டைகர்ஸ் கோஷ்டி தன் வீட்டைப் பையன்களுக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு, வாரக்கணக்கில் வெளியூர்களில் ஆடித் திரியும். வீட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பெரியவர்கள் திண்ணைக்குப் போவதில்லையா?

ஸென்ட்ரல் லீக்கில் மிஞ்சியிருப்பது ஹிரோஷிமாவின் கெண்டை மீன். அதைக் கடைசியில் பார்ப்போம். காரணம் பின்னால் விளங்கும்.

பசிபிக் லீக்கில் பணமும் பலமும் ஒருங்கே சேர்ந்தது புகுவோக்காவின் சாப்ட்பாங்க் ஹாக்ஸ். 2017 முதல் 2020 வரையில் நான்கு வருஷம் தொடர்ந்து ஜப்பான் ஸீரிஸைக் கைப்பற்றியது. 2025-ல் டைகர்ஸை நான்குக்கு ஒன்றாக வென்று மறுபடியும் கைப்பற்றியது. கணக்குப் பார்த்துப் பந்தயம் கட்டுபவர் இந்த வல்லூறின் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் இதே புகுவோக்கா நகரம் ஒரு காலத்தில் கோஷ்டியில்லாமல் தவித்தது. அங்கே ஆடிவந்த லயன்ஸ் கோஷ்டியை 1978-ல் ஸெய்பு ரயில்வேக்காரர்கள் வாங்கி, டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஸைட்டாமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, ஒஸாக்காவின் ஹாக்ஸை ஒரு பலசரக்கு அங்காடிக் கம்பெனி வாங்கிப் புகுவோக்காவுக்குக் கொண்டுவந்தது. புகுவோக்கா சிரித்தது, ஒஸாக்கா அழுதது. பையனின் கேள்வி இங்கே சற்று உறைக்கிறதல்லவா?

அந்த ஸெய்பு லயன்ஸ் எத்தனையோ பட்டங்கள் பெற்ற சிங்கம். 2024-லோ 49 வெற்றி, 91 தோல்வி என்று மெலிந்து போயிற்று. நிப்பன்ஹாம் பைட்டர்ஸ் இறைச்சிக் கம்பெனியுடையது. 2004-ல் டோக்கியோவை விட்டு, பனி மூடிய ஹொக்கைடோவுக்குக் குடிபோயிற்று. பந்து வீச்சிலும் அடியிலும் ஒருங்கே புகழ் பெற்ற ஷோஹெய் ஓட்டானி அங்கேதான் வளர்ந்தார். 2016-ல் கோஷ்டிக்குப் பட்டம் வாங்கித் தந்துவிட்டு, 2018-ல் அமெரிக்க லீக்கில் புகுந்தார். சிபா நகரத்து லோட்டே மரைன்ஸ் மிட்டாய்க் கம்பெனியுடையது. அங்கே 26-ம் நம்பர்ச் சட்டையை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுப்பதில்லை. பந்தயத்துக்கு இருபத்தைந்து பேர் தயாராயிருந்தால், இருபத்தாறாவது ஆள் மைதானத்தைச் சுற்றி நின்று கோஷமிடும் ரஸிகர் கூட்டமாம்!

ஓரிக்ஸ் பபலோஸ் வட்டிக்கும் வாடகைக்கும் பணம் புரட்டும் ஸ்தாபனத்தின் கோஷ்டி. முன்பு அதற்கு ‘புளூவேவ்’ என்று பெயர், ஊர் கோபே. 1995 ஜனவரியில் பூகம்பம் கோபேயை நாசமாக்கியது. அந்த வருஷம், கோபேக்குத் தைரியம் சொல்லும் வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு ஆடி, லீக்கில் முதலாவதாக வந்தது. மறு வருஷம் ஜப்பான் ஸீரிஸையும் வென்றது. இச்சிரோ அன்று அதன் இளம் வீரர். பிற்காலத்தில் 2019, 2020 இரண்டு வருஷமும் கடைசியில் கிடந்து, 2021-ல் லீக்கில் முதலாயிற்று. யாகுல்டின் கதையும் அதுவே என்று மேலே சொன்னோம். 2020-ல் இரு லீக்குகளிலும் கடைசியாக வந்த இருவருமே 2021-ன் இறுதிப் பந்தயத்தில் சந்தித்தார்கள் என்றால் ஜோசியத்தின் லட்சணத்தை என்னென்பது!

புளூவேவ் பபலோஸ் ஆனது எப்படி? அதில்தான் பையனின் கேள்விக்குரிய வழக்கு அடங்கியிருக்கிறது.

‘எருமை’ என்பது ஒஸாக்காப் பக்கத்துக் கிண்டெட்ஸு ரயில்வேயின் கோஷ்டிக்கு உரிய பெயர். 1949-ல் பிறந்த அந்தக் கோஷ்டி ஒரு முறைகூட ஜப்பான் ஸீரிஸை ஜயித்ததில்லை. நஷ்டம் தாங்கவில்லையென்று 2004-ல் ரயில்வேக்காரர்கள் அதை ஓரிக்ஸோடு சேர்த்துவிட முடிவு செய்தார்கள். பன்னிரண்டு கோஷ்டிகள் பதினொன்றாகும். இன்னும் குறைத்து ஒரே லீக்காக்கிவிடலாம் என்று முதலாளிகள் சிலர் பேசினார்கள். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் அட்ஸுயா புருட்டா முதலாளிகளைச் சந்தித்துப் பேச விரும்பினார். அதற்கு ஒரு பெரிய கோஷ்டியின் முதலாளி, கேவலம் ஆட்டக்காரன்தானே என்ற பொருள்பட ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் தேசமெங்கும் தீப்போலப் பரவியது. லட்சக்கணக்கான ஜனங்கள் சேர்ப்பை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2004 செப்டம்பர் 18, 19 ஆகிய இரு நாட்களிலும் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானியப் பேஸ்பால் சரித்திரத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

கிண்டெட்ஸு பிழைக்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கம்பெனிக்குத்தான் இருந்தது, கம்பெனி போட்டுவிட்டது. ஆயினும், காலியான இடத்துக்குப் புதிய கோஷ்டி ஒன்றை அனுமதிக்க முதலாளிகள் இணங்கினார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

அப்படிப் பிறந்ததுதான் வடக்கே ஸெண்டாய் நகரத்தின் ராக்குட்டென் ஈகிள்ஸ். ஓரிக்ஸ் வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொண்ட பிறகு மிஞ்சியவர்களைக் கொண்டு சேர்த்த கோஷ்டி. 2005-ல் முதல் ஆட்டத்தை ஜயித்தது. இரண்டாவது ஆட்டத்தில் 26-க்குப் பூஜ்யம் என்று தோற்றது! பருவ முடிவில் 38 வெற்றி, 97 தோல்வி. ஊரார் கைவிடவில்லை. 2011 மார்ச்சில் பூகம்பமும் கடற்பேரலையும் அந்தப் பிரதேசத்தையே வாரிக்கொண்டு போயின. 2013-ல் மஸஹிரோ டனாக்கா என்ற பந்து வீச்சாளர் லீக் பருவத்தில் 24 வெற்றி பெற்று ஒரு தோல்வியும் காணவில்லை. ஜப்பான் ஸீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் 160 பந்துகள் வீசித் தோற்றவர், மறு நாள் ஏழாவது ஆட்டத்தின் கடைசி முறைக்கு மறுபடியும் வந்து நின்றார். ஜயண்ட்ஸ் தோற்றது. ஸெண்டாய் மைதானத்தில் மழையில் நனைந்து நின்ற ஜனங்களிடம் போய், "கம்பெனி ஜயித்ததில் உங்களுக்கு என்ன?" என்று கேட்டிருக்க முடியுமா?

இனிக் கெண்டை மீன்.

1945 ஆகஸ்டு 6-ம் தேதி ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். நான்கு வருஷம் கழித்து, 1949 டிஸம்பரில், இன்னும் இடிபாடுகள் நீங்காத அந்நகரம் ஒரு பேஸ்பால் கோஷ்டியை உண்டாக்கியது. அதற்குத் தாய்க் கம்பெனி கிடையாது. முதல் பருவத்தில் எட்டுக் கோஷ்டிகளில் எட்டாவது. 1951-ல் சம்பளம் கொடுக்கவே பணமில்லை. கோஷ்டியைக் கலைத்துவிடலாமா, வேறொன்றோடு சேர்த்துவிடலாமா என்று நிர்வாகிகள் யோசித்தார்கள்.

அப்போது மைதானத்தின் வாசலில் ஸாகே மதுப் பீப்பாய்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீடிழந்தவர்களும் உற்றாரை இழந்தவர்களும் உள்ளே போகும்போது அதில் சில்லறையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கோஷ்டி பிழைத்தது. ஆனால் ஜயிக்கவில்லை. லீக்கில் முதலாக வருவதற்கு 1975 வரையில், முழுதாய் 25 பருவங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1968 முதல் மோட்டார்க் கம்பெனி ஒன்று பெரும் பங்குதாரராய் இருந்துவருகிறது. அதன் பழைய பெயரில் பாதி கோஷ்டியின் பெயரிலும் இருக்கிறது. இருந்தாலும், 2009-ல் திறந்த புதிய மைதானத்துக்காக ஊரார் மறுபடியும் பீப்பாயை எடுத்து வைத்தார்கள். ஹிரோக்கி குரோடா என்ற பந்து வீச்சாளர், அமெரிக்காவில் இதைவிடப் பன்மடங்கு சம்பளம் காத்திருக்க, 2015-ல் தம் நாற்பதாவது வயதில் ஹிரோஷிமாவுக்கே திரும்பி வந்தார். 2016-ல், 25 வருஷத்துக்குப் பிறகு, லீக் பட்டம் அங்கே வந்தது.

ஆகவே, பையனுக்கு நாம் சொல்ல வேண்டிய விடை யாது? அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பத்திரம் கம்பெனியிடந்தான் இருக்கிறது. புகுவோக்காவும் ஒஸாக்காவும் ஒரு பத்திரத்தால் தம் கோஷ்டியை இழந்தன. எத்தனை கையெழுத்து வைத்தும் கிண்டெட்ஸு திரும்பவில்லை. ஆயினும் பீப்பாயில் சில்லறை போட்டவனிடம் பத்திரமில்லாத ஓர் உரிமை உண்டாகிவிடுகிறது. கம்பெனிகள் திமிங்கிலம் பிடிப்பதை விடுகின்றன, அங்காடியை மூடுகின்றன, பெயரை மாற்றுகின்றன. அப்பா தோளில் தூக்கிச் சென்று காட்டிய கோஷ்டியை மகன் அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்வதில்லை.

எந்தக் கோஷ்டி ஜயிக்கும் என்று கேட்டால், வல்லூறையும் புலியையும் சொல்வதே புத்திசாலித்தனம். நாம் புத்திசாலித்தனத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கெண்டை மீனின் பக்கம் உட்காரப் போகிறோம். திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் முதற்காரியமாகப் பீப்பாயின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை மணி அடிப்பதற்கு முன்னால்.